நம்பிக்கையும் உழைப்பும்: சிங்கப்பூர்த் தமிழ்த் தொழிலாளர் கண்ட வழி



தோட்டத்தில் இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்து நிரையில் பால் வெட்டுகிறார்கள். இருவருக்கும் ஒரே வயது, ஒரே கூலி, ஒரே மாதிரியான உளி. ஒருவர் மரத்துக்குக் காயம் படாமல் மெல்லிய சீவலாகப் பட்டையை எடுக்கிறார். மங்கைத் துடைத்து வைக்கிறார். ஒட்டுப்பாலையும் விடாமல் சேர்க்கிறார். மற்றவரோ மரத்துக்கு மரம் ஓடி, பெயருக்கு வெட்டி முடித்துவிடுகிறார். இந்த வேற்றுமைக்குக் காரணம் என்ன?

மேலே நிற்பவர்களைக் கேட்டால், "அவன் சோம்பேறி" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். ஆனால் தொழிலாளர் வரலாற்றைப் புரட்டிப் பார்க்கும் நாம் அவ்வளவு எளிதில் அப்படிச் சொல்லிவிட முடியாது. நாளை என்று ஒன்று தெரிகிற வேலையில்தான் மனிதன் மனம் வைக்கிறான். நாளை தெரியாத வேலையில் உடம்பு மட்டுமே நிற்கும், மனம் நிற்காது. இதற்கு நல்ல சான்று சிங்கப்பூரில் உழைத்த நம் மக்களின் வரலாறு. ஏறத்தாழ 150 ஆண்டுக் கால வரலாற்றை மூன்று கட்டங்களாகப் பிரித்து இன்று பார்ப்போம்.

கைதிகள் கட்டிய நகரம்

சிங்கப்பூருக்கும் நமது தோட்ட வாழ்வுக்கும் உள்ள உறவு பழையது. 1877ஆம் ஆண்டு 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தன. 1888இல் அத்தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ரிட்லி என்பவர், மரம் சாகாமல் மீண்டும் மீண்டும் பால் எடுக்கும் முறையை வகுத்தார். இன்று நாம் உளி பிடிக்கும் விதமே அங்கே பிறந்ததுதான்.

ஆனால் ரப்பருக்கு முன்பே இந்தியர்கள் அங்கே உழைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பெரும் கூட்டத்தார் கூலிக்கு வந்தவர்கள் அல்லர், கைதிகள். 1825 ஏப்ரலில் சுமத்ராவின் பென்கூலனிலிருந்து முதல் இந்தியக் கைதிகள் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டனர். சென்னை, வங்காளம், பம்பாய் மாகாணங்களில் தண்டனை பெற்ற ஆயிரக்கணக்கானவர்கள் அவர்களைத் தொடர்ந்து வந்தார்கள். காட்டை வெட்டினார்கள். சதுப்பு நிலத்தை மேடாக்கினார்கள். சாலைகள் போட்டார்கள். இஸ்தானா என்று இன்று வழங்கும் அரசு மாளிகையும் 1867 முதல் 1869 வரை அவர்கள் கைகளால் எழுந்ததே.

புனித அந்திரேயர் தேவாலயத்தைச் சற்றே நின்று பார்க்க வேண்டும். 1856இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1861இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்ட இந்தக் கட்டடத்தின் சுவருக்கு நம் ஊர்ச் சுண்ணாம்புச் சாந்து பூசினார்கள். சிப்பிச் சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக் கரு, வெல்லச் சர்க்கரை ஆகியவற்றை ஒன்றாகக் குழைத்து, தேங்காய் மட்டை ஊறவைத்த தண்ணீர் விட்டு அரைத்தார்கள். பூசியபின் வழவழப்பான கல்லால் பளபளக்கும்வரை தேய்த்தார்கள். அரைகுறை மனத்தோடு செய்யக்கூடிய வேலையா இது? சங்கிலி பூட்டி வந்த மனிதர்களிடம் இந்தப் பொறுமை எங்கிருந்து வந்தது?

இதற்கு விடை அந்தச் சிறையின் ஏற்பாட்டில் இருக்கிறது. கைதிகளை ஆறு வகுப்பாகப் பிரித்திருந்தார்கள். புதிதாக வந்தவர் நான்காம் வகுப்பில் சேர்க்கப்படுவார். ஒழுங்காக நடந்தால் மூன்றாம் வகுப்புக்கு ஏறி, சாலைகளிலும் கட்டடங்களிலும் வேலை செய்வார். அதற்கு மேல் ஏறினால் மருத்துவமனையிலோ அலுவலகத்திலோ வேலை; அல்லது கைதிகளை மேய்க்கும் காவலர் பதவி. முதல் வகுப்புக்கு வந்துவிட்டால் அனுமதிச் சீட்டுடன் வெளியே தங்கித் தம் தொழிலைத் தாமே செய்து பிழைக்கலாம். தவறு செய்தவர் ஐந்தாம் வகுப்புக்கு இறக்கப்படுவார். ஆறாம் வகுப்பு முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் உரியது. அந்தச் சிறையை நடத்திய மெக்நேர் என்ற அதிகாரி, பின்னாளில் 1899இல் வெளியிட்ட தம் நூலுக்கே, கைதிகள் தமக்குத் தாமே காவலர் என்ற பொருள்படத் தலைப்பு வைத்தார்.

சிறை சிறைதான். அதை நாம் புகழ வரவில்லை. குடும்பத்தைப் பிரிந்து, கடல் தாண்டி, ஊர் திரும்புவோமா என்று தெரியாமல் உழைத்தவர்களின் துயரம் பெரிது. நமக்கு வேண்டிய செய்தி ஒன்றுதான். சங்கிலியில் கிடந்தவனுக்குக்கூட ஏறுவதற்கு ஒரு படி தெரிந்தபோது அவன் கை நேர்த்தியாக வேலை செய்தது. 1873இல் அந்தக் கைதிக் குடியேற்றம் கலைக்கப்பட்டது. அவர்கள் போட்ட சாலைகளும் கட்டிய சுவர்களும் நிற்கின்றன.

சிராங்கூன் ரோட்டுப் பக்கத்தில் அந்நாளில் செங்கல் சூளைகளும் சுண்ணாம்புக் காளவாய்களும் இருந்தன. அதனால்தான் அங்குள்ள வீரமாகாளியம்மன் ஆலயத்தைப் பழைய மக்கள் "சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில்" என்று அழைத்தார்கள். மாட்டுக் கொட்டகைகள் நிறைந்த அந்த வட்டாரமே பிறகு தேக்கா என்றும், லிட்டில் இந்தியா என்றும் பெயர் பெற்றது. கோயிலும் கடைத்தெருவும் அங்கே எழுந்ததற்கு முன்னே அங்கே வேலை இருந்தது என்பதை நாம் மறக்கக்கூடாது.

கடனில் கட்டிய கயிறு

இரண்டாவது கட்டம் நம் தாத்தா பாட்டிமார் அறிந்தது. ஒப்பந்தக் கூலி முறை மலாயாவில் 1910இல் முடிவுக்கு வந்தது. அதற்கு முன்பே தொடங்கிய கங்காணி முறை 1938 வரை நீடித்தது. அந்த ஆண்டில் இந்திய அரசு கூலித் தொழிலாளரை உதவி கொடுத்து அனுப்புவதைத் தடை செய்தது.

கங்காணி ஊருக்குப் போவார். தம் சாதி சனத்தையும் சுற்று வட்டாரத்து ஏழைகளையும் திரட்டுவார். கப்பல் ஏறுமுன்பே முன்பணம் கைமாறும். தோட்டத்துக்கு வந்து சேரும்போதே தொழிலாளியின் தலையில் ஒரு கணக்கு இருக்கும். லயத்தில் ஓர் அறை, பெரட்டில் ஒரு பெயர், மாதக் கடைசியில் கடையிலும் கள்ளுக்கடையிலும் கரைந்துபோகிற கூலி. "உழுகிறவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது" என்ற பழமொழி அவர்கள் வாழ்க்கைக்கே சொல்லப்பட்டது போல் இருந்தது.

அவர்கள் உழைக்கவில்லையா? உழைத்தார்கள். காட்டைத் தோட்டமாக்கியவர்கள் அவர்கள்தாம். ஆனால் பால் வெட்டுகிறவர் எத்தனை ஆண்டு வெட்டினாலும் பால் வெட்டுகிறவரே. அவர் மகனுக்கும் அதே நிரை. முப்பதுகளின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்தபோது ஆயிரக்கணக்கானவர்கள் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். விலை ஏறினால் கூப்பிடுவதும், இறங்கினால் அனுப்புவதுமாக இருந்தால், எந்த மனிதன் அந்த மண்ணைத் தன் மண் என்று எண்ணுவான்?

1941இல் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. அதில் கூலி உயர்வைத் தவிர வேறு கோரிக்கைகளும் இருந்தன. துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் கேட்டார்கள். வயிற்றுக்குக் கேட்டவர்கள் மானத்துக்கும் சேர்த்துக் கேட்டார்கள். மதிப்பில்லாத இடத்தில் மனம் ஒட்டாது என்பதை நம் தோட்டத்து மக்கள் அன்றே சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு போர் வந்தது. சயாம் ரயில் பாதைக்குப் போய்த் திரும்பாதவர்களை இங்கே நினைத்து மேலே செல்வோம்.

சங்கமும் சேமிப்பும் குடியுரிமையும்

போர் முடிந்தபின் சிங்கப்பூரில் புதிய காற்று வீசியது. துறைமுகத்திலும், நகராட்சியிலும், பிரிட்டிஷ் படைத்தளங்களிலும் வேலை பார்த்த இந்தியத் தொழிலாளர்கள் சங்கங்களில் திரண்டார்கள். 1952 மே மாதத்தில் தபால்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மலாய்க்காரர்களும் இந்தியர்களும். அவர்களுக்குச் சட்ட ஆலோசகராக நின்ற இளம் வழக்கறிஞர் லீ குவான் யூ. கோரிக்கைகளில் பலவற்றை அவர்கள் வென்றார்கள். கேட்டால் கிடைக்கும் என்ற எண்ணம் சாதாரண ஊழியர்கள் மனத்தில் வேரூன்றிய காலம் அது.

1955 ஜூலை முதல் தேதி மத்திய சேமநிதித் திட்டம் அங்கே தொடங்கியது. தொழிலாளி 5 விழுக்காடு, முதலாளி 5 விழுக்காடு. மலாயாவில் ஊழியர் சேமநிதி 1951இலேயே தொடங்கிவிட்டது. நம் குடும்பங்களுக்கு அது பழக்கமானதே. அதுவரை முதுமை என்றால் ஊர் திரும்புவது, அல்லது பிள்ளைகள் கையை எதிர்பார்ப்பது என்றிருந்தது. இப்போது நாள்கூலிக்காரனுக்கும் தன் பெயரில் ஒரு கணக்கு உண்டாயிற்று. கங்காணி எழுதிய கடன் கணக்கு அன்று, சேமிப்புக் கணக்கு!

இன்னொரு வகை நம்பிக்கையையும் ஒருவர் ஊட்டினார். 1935இல் தமிழ் முரசு பத்திரிகையைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி அவர்கள், "இந்த நாட்டில் வாழ்கிறோம் என்றால் இந்த நாட்டின் குடிமக்களாவோம்" என்ற கருத்தை ஓயாமல் பரப்பினார். 1957இல் சிங்கப்பூர்க் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, தமிழர்கள் பதிவு செய்துகொள்ளத் தம் பத்திரிகையின் வழியாகவும் நேரிலும் தூண்டினார். மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் இடம்பெறுவதற்காக அவர் எழுப்பிய "தமிழ் எங்கள் உயிர்" நிதிக்குத் தோட்டத் தொழிலாளர்களும் ஆளுக்கொரு வெள்ளியாகக் கொடுத்து உதவினார்கள். 1956இல் அங்கே இந்திய இயல் துறை தொடங்கியது. பல்கலைக்கழகப் படியை மிதித்திராத கைகள் கொடுத்த காசு அது. தம் பிள்ளைகள் ஒருநாள் அங்கே ஏறுவார்கள் என்று நம்பித்தானே கொடுத்தார்கள்?

செம்பவாங் தளமும் 1968ஆம் ஆண்டும்

இனி மூன்றாவது கட்டம். சிங்கப்பூரின் வடகரையில், ஜொகூர் நீரிணையைப் பார்த்தபடி, ரப்பர் தோட்டங்கள் இருந்த செம்பவாங் வட்டாரத்தில் பிரிட்டிஷார் பெரிய கடற்படைத் தளம் ஒன்றை அமைத்தார்கள். ஆயிரம் அடி நீளமுள்ள ஆறாம் ஜார்ஜ் மன்னர் உலர்துறை 1938 பிப்ரவரி 14இல் திறக்கப்பட்டது. தமிழகத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்த ஏராளமானவர்கள் அங்கே வேலைக்கு அமர்ந்தார்கள். துரு சுரண்டுபவர், சாயம் அடிப்பவர், பற்றவைப்பவர், பொருத்துநர், குமாஸ்தா எனப் பல வகை. கான்பரா ரோட்டுப் பக்கத்தில் தொழிலாளர் குடியிருப்புகள் எழுந்தன. தளத்து ஊழியர்களால் தோன்றிய பாலசுப்பிரமணியர் ஆலயம் பிற்காலத்தில் ஈசூனுக்கு இடம் மாறினாலும், பங்குனி உத்திரத் திருவிழா இன்றும் அங்கே சிறப்பாக நடக்கிறது.

தளத்து வேலை நிலையான வேலை என்றே எல்லோரும் எண்ணினார்கள். தந்தை ஓய்வு பெற்றால் மகன் பயிற்சிக்குச் சேரலாம். அந்த நம்பிக்கையின் மேல்தான் குடும்பங்கள் திட்டமிட்டன. ஆனால் 1968 ஜனவரியில் பிரிட்டிஷ் பிரதமர் ஹரால்டு வில்சன் ஓர் அறிவிப்பு செய்தார். சிங்கப்பூரிலுள்ள படைத்தளங்கள் 1971ஆம் ஆண்டுக்குள் மூடப்படும் என்பதே அது. பிரிட்டனின் பணமதிப்பு முந்தைய நவம்பரில்தான் குறைக்கப்பட்டிருந்தது. தூரத்துத் தளங்களை நடத்த அவர்களிடம் பணம் இல்லை.

அன்று சிங்கப்பூர் வருமானத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு பிரிட்டிஷ் படைச் செலவிலிருந்து வந்தது. 30,000 பேருக்கு மேல் தளங்களில் நேரடியாக வேலை பார்த்தார்கள். அவர்களை நம்பியிருந்த சமையற்காரர், சலவைக்காரர், கடைக்காரர் பல்லாயிரம் பேர். மலேசியாவிலிருந்து பிரிந்து மூன்றாண்டுகூட ஆகாத சின்னஞ்சிறு நாடு அது. ஒரு தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்கப்போகிறார்கள் என்ற செய்தி வந்தால் லயத்தில் என்ன நடக்குமோ, அதுதான் அந்த ஆண்டு செம்பவாங்கில் நடந்திருக்கும் என்று நாம் எளிதில் உணரலாம்.

அடுத்து நடந்ததுதான் நமக்குப் பாடம். தளங்களைப் பொருளாதாரப் பயனுக்கு மாற்றுவதற்கென்றே அரசு ஒரு துறையை அமைத்தது. வேலை இழக்கப்போகிறவர்களுக்கு வேறு தொழில்களில் மறுபயிற்சி வகுப்புகள் தொடங்கின. கடற்படைப் பட்டறை மூடப்படவில்லை. அது செம்பவாங் கப்பல் பட்டறை என்ற நிறுவனமாக மாறி, 1968 டிசம்பர் 8ஆம் தேதி பெயரளவில் ஒரு வெள்ளி விலைக்குக் கைமாறியது. ஸ்வான் ஹண்டர் என்ற பிரிட்டிஷ் கப்பல் நிறுவனம் நிர்வாகத்தை ஏற்றது. போர்க்கப்பல்களைப் பழுதுபார்த்த கைகள் இனி எண்ணெய்க் கப்பல்களையும் சரக்குக் கப்பல்களையும் பழுதுபார்க்க வேண்டும். போர்க்கப்பலுக்குக் காலக்கெடு இராணுவம் வைப்பது. வணிகக் கப்பலோ துறையில் நிற்கும் ஒவ்வொரு நாளும் முதலாளிக்கு நட்டம். ஆகவே சொன்ன நாளில் முடித்துக் கொடுத்தால்தான் அடுத்த கப்பல் வரும். தம் கைவேலைக்கும் தம் வேலையின் ஆயுளுக்கும் உள்ள தொடர்பைத் தொழிலாளி கண்ணாலேயே பார்க்கும்படி ஆயிற்று.

அதே 1968இல் வந்த வேலைச் சட்டம் கடுமையானது. விடுமுறைகளும் சலுகைகளும் குறைந்தன. வேலைக்கு எடுப்பது, நீக்குவது, பதவி உயர்த்துவது ஆகியவற்றில் சங்கங்கள் பேரம் பேச முடியாதபடி இன்னொரு சட்டம் தடுத்தது. மறு ஆண்டு, 1969இல், சிங்கப்பூரில் ஒரு வேலைநிறுத்தம்கூட நடக்கவில்லை. இது ஈடுபாடா, அல்லது அச்சமா? இரண்டும் கலந்தது என்றே நாம் கருதுகிறோம். வாய் மூடியிருப்பதெல்லாம் மனம் ஒப்பியதற்கு அடையாளம் ஆகிவிடாது. அந்த அமைதி நீடித்திருக்க வேண்டுமானால், விட்டுக்கொடுத்தவனுக்கு ஏதாவது திரும்பி வந்தாக வேண்டும்.

திரும்பி வந்தது. 1968 செப்டம்பர் முதல் சேமநிதிப் பணத்தைக் கொண்டு வீடமைப்புக் கழகத்தின் அடுக்குமாடி வீட்டைச் சொந்தமாக வாங்கலாம் என்றாயிற்று. 1969 நவம்பரில் தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் கூட்டிய மாநாட்டுக்குப் பிறகு, சங்கங்கள் கூட்டுறவு முறையில் இறங்கின. 1970இல் காப்பீட்டுக் கூட்டுறவும், 1973இல் நியாய விலைப் பேரங்காடியும் தோன்றின. 1972இல் அரசும், முதலாளிகளும், சங்கங்களும் ஒன்றாக உட்கார்ந்து பேசும் தேசியச் சம்பள மன்றம் அமைந்தது. 5 விழுக்காட்டில் தொடங்கிய சேமநிதிப் பங்கு 1984இல் இரு தரப்புக்கும் 25 விழுக்காடாக உயர்ந்தது.

இந்த மாற்றத்தை முன்னின்று நடத்திய தொழிற்சங்கத் தலைவர் சி. வி. தேவன் நாயர். மலாக்காவில் பிறந்தவர், ரப்பர் தோட்டக் கிராணி ஒருவரின் மகன். அவர் 1981இல் சிங்கப்பூரின் அதிபர் ஆனார். அந்நாட்டின் முதல் வெளியுறவு அமைச்சர் எஸ். ராஜரத்தினமும் யாழ்ப்பாணத்தில் பிறந்து, சிரம்பானில், ரப்பர் தோட்ட மேற்பார்வையாளர் ஒருவரின் மகனாக வளர்ந்தவரே. தோட்டத்தில் வளர்ந்த பிள்ளை எங்கே ஏற முடியும் என்று கேட்பவர்களுக்கு இவ்விருவரையும் காட்டலாம்.

ஏறாமல் போனவர்கள்

வெற்றிக் கதையை மட்டும் சொல்லி முடித்தால் அது முழு வரலாறு ஆகாது. தளத்தில் வேலை பார்த்த எல்லோருக்கும் புதிய பட்டறையில் இடம் கிடைக்கவில்லை. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற சட்டம் ஏற்கெனவே வந்திருந்தது. பதிவு செய்துகொள்ளாமல் இருந்துவிட்ட பலர், கிடைத்த பணிக்கொடையை வாங்கிக்கொண்டு தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் கப்பலேறினார்கள். முப்பது ஆண்டு உழைத்தவரும் அவர்களில் உண்டு. பிறந்த ஊர் அவர்களை மறந்திருந்தது. உழைத்த ஊரில் அவர்களுக்கு உரிமை இல்லை.

பாலத்துக்கு இந்தப் பக்கமும் அதே கதைதான். மலேசியாவில் 1969இல் வேலை அனுமதிச் சட்டம் வந்தபோது, குடியுரிமை பெறாத தோட்டத் தொழிலாளர்கள் பல்லாயிரம் பேர் நாட்டைவிட்டுப் போக நேர்ந்தது. உழைப்பில் ஒரு குறையும் இல்லை. கையில் தாள் இல்லை. "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போட்ட ஒரு விண்ணப்பம் ஒரு குடும்பத்தின் தலையெழுத்தையே மாற்றியது. ஆகவே பிறப்புப் பத்திரம், அடையாளக் கார்டு, சேமநிதிக் கணக்கு ஆகியவற்றை வீட்டுப் பெண்கள் நகையைப் போல் காத்து வைக்க வேண்டும் என்று நாம் மீண்டும் மீண்டும் சொல்கிறோம்.

இன்றும் ஞாயிற்றுக்கிழமை மாலையில் தேக்காவுக்குப் போனால், தமிழகத்திலிருந்து கட்டட வேலைக்கும் கப்பல் பட்டறை வேலைக்கும் வந்த இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் கூடுவதைக் காணலாம். ஊருக்குப் பணம் அனுப்புகிறார்கள், காய்கறி வாங்குகிறார்கள், நண்பர்களைப் பார்க்கிறார்கள். அவர்களில் பலர் ஏஜெண்டுக்குக் கொடுத்த பணத்துக்காகக் கடன் வாங்கி வந்தவர்கள். கங்காணியின் முன்பணம் வேறு பெயரில் வந்துவிட்டதோ என்று எண்ணத் தோன்றுகிறது. அவர்களுடைய நம்பிக்கை ஊரில் எழும் வீட்டிலும் தங்கையின் கல்யாணத்திலும் இருக்கிறது. பணியிடத்தில் ஏறுவதற்கான படி மிகக் குறுகியது. அந்தப் படியை அகலப்படுத்துவது முதலாளிகளின் கடமை.

நாம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

இந்த வரலாற்றிலிருந்து நாம் மூன்று கேள்விகளை எடுத்துக்கொள்ளலாம். எந்த வேலைக்குப் போனாலும், பிள்ளைகளை எந்த வேலைக்கு அனுப்பினாலும், இவற்றைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

முதலாவது, இந்த வேலையில் ஏறுவதற்குப் படி உண்டா? ஐந்தாண்டு கழித்து இன்றைக்குத் தெரியாத ஒரு தொழில் கையில் இருக்குமா?

இரண்டாவது, உழைப்பில் ஒரு பங்கு நம் பெயரில் சேர்கிறதா? அல்லது நம் பெயரில் கடன்தான் சேர்கிறதா?

மூன்றாவது, நாம் பேசினால் கேட்பதற்கு ஆள் உண்டா? சங்கமாகட்டும், கூட்டுறவாகட்டும், அங்கே நம் குரலுக்கு இடம் இருக்கிறதா?

இம்மூன்றுக்கும் ஆம் என்று விடை கிடைக்கும் இடத்தில், யாரும் பின்னால் நின்று விரட்டாமலே மனிதன் மனம் வைத்து உழைப்பான். இல்லை என்றால், நிர்வாகம் எத்தனை மேற்பார்வையாளரை நிறுத்தினாலும் கை மட்டுமே அசையும். "சோம்பல்" என்று பழி சொல்லுமுன் நிர்வாகத்தார் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது. நமக்கும் ஒரு கடமை உண்டு. படி இருந்தும் ஏறாமல் நிற்கக்கூடாது. மறுபயிற்சி என்றால் வயதைச் சொல்லிப் பின்வாங்கக்கூடாது. செம்பவாங்கில் ஒரு தொழிலை விட்டு இன்னொரு தொழிலைக் கற்றுக்கொண்டவர்களில் பலர் குடும்பம் குட்டி உள்ளவர்கள்தாம்.

தை பிறந்தால் வழி பிறக்கும் என்கிறோம். தை தானாகப் பிறக்கும். வழி, கேட்பவர்களும் கற்பவர்களும் சேர்ந்து போடும்போதுதான் பிறக்கிறது.